பிழைத்தவர் சொல்லும் நாழிகைக் கணக்கும்: ரொடோல்ஃபோ வால்ஷ் எழுதிய உண்மைக் குற்ற வரலாறு

1. முன்னுரை

உண்மையில் நிகழ்ந்த குற்றம் ஒன்றைப் பொருளாகக் கொண்டு, அதனொடு தொடர்புடையாரை நேரிற் கண்டு உரையாடிப் பெற்ற செய்திகளால் நூல் யாக்கும் முறை இருபதாம் நூற்றாண்டில் தனியோர் இலக்கிய வகையாக உருப்பெற்றது. இவ்வகையின் தோற்றத்தை ஆராய்வோர் பலரும், 1966-இல் நூலாக வெளிவந்த ட்ரூமன் கபோட்டியின் ‘இன் கோல்ட் பிளட்’ என்னும் அமெரிக்க நூலையே முதற்கண் சுட்டுவர். ஆயின், அதற்கு ஒன்பது ஆண்டுகட்கு முன்னரே, 1957-இல், தென்னமெரிக்க நாடாகிய அர்ஜென்டினாவில் ரொடோல்ஃபோ வால்ஷ் என்பார் ‘ஒப்பெராசியோன் மசாக்ரே’ என்னும் நூலை வெளியிட்டார். ‘படுகொலை நடவடிக்கை’ என அப்பெயரைத் தமிழிற் கூறலாம். அரசின் காவற்படையினர் விசாரணை ஏதுமின்றிச் சுட்டுக்கொன்ற மக்களின் வரலாற்றை, அச்சாவினின்று தப்பியோரிடம் கேட்டு எழுதிய நூல் அது.

எது முந்தியது என்னும் கால ஆராய்ச்சி ஈண்டு நம் நோக்கம் அன்று. செய்தியாளர் ஒருவர் பிறரிடம் கேட்டெழுதிய உரை வரலாற்றுச் சான்று ஆகுமா, ஆகுமெனின் எவ்வளவிற்கு ஆகும் என்னும் வினாவே நம் முன் உள்ளது. வாய்மொழி வழக்காறுகளையும் கள ஆய்வுச் செய்திகளையும் ஆராய்ச்சிக்குப் பயன்கொள்ளும் தமிழாய்வாளர்க்கு இவ்வினா புறம்பானதன்று. ஆதலின், வால்ஷின் நூல் உருவான முறையை அடியிலிருந்து நோக்கி, அதன் வலிமையையும் எல்லையையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

2. காலச் சூழல்

அர்ஜென்டினாவில் 1946 முதல் குடியரசுத் தலைவராக விளங்கிய ஹுவான் பெரோன், 1955 செப்டம்பரில் படைத்தலைவர்களால் ஆட்சியினின்று நீக்கப்பட்டார். அவ்வாண்டு நவம்பரில் படைத்தலைவர் அரம்புரு ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். 1956 மார்ச்சில் பிறப்பிக்கப்பட்ட ஆணை ஒன்று பெரோனின் பெயரையும் படத்தையும் பொதுவிடத்தில் வழங்குதலையும் குற்றமாக்கியது. ஒருவர் பெயரை உச்சரித்தலே குற்றம் என்னும் நிலையில், அவர்பால் அன்புடைய எளிய தொழிலாளர் மக்கள் அடங்கியிருந்தனர்; அடங்கியது மறந்ததனால் அன்று.

அவ்வாண்டு ஜூன் 9-ஆம் நாள் இரவு, படைத்தலைவர்கள் ஹுவான் ஹோசே வாயே, ராவுல் டாங்கோ ஆகிய இருவர் தலைமையில் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ச்சி எழுந்தது. சில மணி நேரத்தில் அஃது அடக்கப்பட்டது. வாயே ஜூன் 12-ஆம் நாள் சுட்டுக்கொல்லப்பட்டார். கிளர்ச்சியிற் கலந்த படைவீரர் சிலரும் அந்நாட்களிற் கொல்லப்பட்டனர். நாடறிந்த செய்தி இவ்வளவே. நாடறியாத செய்தி, தலைநகர்ப் புறத்தே, ஹோசே லெயோன் சுவாரெஸ் என்னும் இடத்துக் குப்பைமேட்டில் மறைந்து கிடந்தது.

3. அவ்விரவில் நிகழ்ந்தது

தலைநகராகிய புவெனஸ் ஐரிஸை அடுத்த ஃப்ளோரிடா என்னும் ஊரில், ஒரு சிறு வீட்டில், ஜூன் 9 இரவு ஆடவர் சிலர் கூடியிருந்தனர். லாவ்ஸே என்னும் குத்துச்சண்டை வீரர் சிலி நாட்டு வீரர் ஒருவரொடு பொருத போட்டியை வானொலியிற் கேட்டலே பலர் வந்த காரணம். அவருள் இரண்டொருவர் கிளர்ச்சியை முன்னரே அறிந்தவர்; சிலர் ஏதோ நிகழப்போகின்றது என ஐயுற்றவர்; ஏனையோர் ஒன்றும் அறியாதவர். இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் இது பயன்படும்.

மாநிலக் காவற்படைத் தலைவர் ஃபெர்னாண்டெஸ் சுவாரெஸ் தாமே முன்னின்று, டாங்கோவைத் தேடி அவ்வீட்டினுட் புகுந்தார். டாங்கோ ஆங்கில்லை. இருந்தோர் அனைவரும் பிடிபட்டனர். சான் மார்ட்டின் நகரக் காவல் நிலையத்தில் அவரைச் சிலகாலம் வைத்திருந்து, பனி மிக்க விடியற்போதில் ஊர்தியில் ஏற்றிச் சென்று, குப்பைமேட்டில் இறக்கி, ஊர்தி விளக்கின் ஒளியில் நடக்கவிட்டுச் சுட்டனர். கொண்டு செல்லப்பட்டோர் பன்னிருவர். இறந்தோர் ஐவர், தப்பியோர் எழுவர். இருளிற் பாய்ந்தோடினோர் சிலர். முகங்குப்புற வீழ்ந்து பிணம்போற் கிடந்து பிழைத்தார் ஒருவர். ஹுவான் கார்லோஸ் லிவ்ராகா என்னும் இளைஞர், இறப்பை உறுதிசெய்யச் சுட்ட குண்டு முகத்தைத் துளைத்துச் சென்றும் உயிர் பிழைத்தார்.

மருத்துவமனைக்குக் கொணரப்பட்ட லிவ்ராகாவிடம், அவருடைய உடைமைகளைப் பெற்றுக்கொண்டமைக்குச் சான்றாகச் சான் மார்ட்டின் காவல் நிலையத்தார் கொடுத்த பற்றுச்சீட்டு இருந்தது. அச்சிறு தாளை மருத்துவமனைச் செவிலியர் மறைத்துக் காத்தனர். காவலர் மீண்டும் வந்து அவரைக் கொண்டுசென்று, மருந்தும் ஆடையுமின்றி வேறொரு நிலையத்தில் அடைத்தனர். எனினும் அச்சீட்டு அவர்கள் கைக்கு எட்டவில்லை. காவலரே எழுதிக்கொடுத்த தாள் காவலரையே காட்டிக்கொடுக்கும் சான்றாயிற்று.

4. உரையாடல்களின் தொடர்

வால்ஷ் 1927-இற் பிறந்தவர், ஐரிஷ் மரபினர். ஹாஷெட் பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துநராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். துப்பறியும் கதைகளில் ஆர்வமுடையவர். அவ்வகைக் குறுநாவல்கள் மூன்றின் தொகுதியை 1953-இல் வெளியிட்டுப் பரிசும் பெற்றவர். பெரோன் கட்சியினர் அல்லர். 1955-இன் ஆட்சி மாற்றத்தை வரவேற்றவரே. கிளர்ச்சி இரவில் லா பிளாட்டா நகரில் தம் வீட்டுச் சாளரத்திற்கு அப்பால் இளம் படைவீரன் ஒருவன் இறக்கும் குரலைக் கேட்டும், அதனை மறக்கவே விரும்பியதாக அவரே பின்னாளிற் கூறியுள்ளார். சதுரங்கமும் கதையும் போதும் என்றிருந்தவர் அவர்.

1956 டிசம்பர் 18-ஆம் நாள், சுட்டுக்கொல்லப்பட்டவருள் ஒருவர் உயிரோடிருக்கின்றார் என்னும் செய்தி தற்செயலாக அவர் செவிக்கு எட்டியது. முரண் அணிபோல் அமைந்த அவ்வொரு தொடர் அவரை ஈர்த்தது. லிவ்ராகா நீதிபதியிடம் அளித்திருந்த முறையீட்டின் படியைப் பெற்றார். சில நாட்களில் லிவ்ராகாவையே நேரிற் கண்டார். முகத்திலிருந்த வடுக்களைக் கண்டபோதே அவர் கூற்றை நம்பியதாக வால்ஷ் எழுதுகின்றார்.

நம்புதல் வேறு, நிறுவுதல் வேறு. அதனை வால்ஷ் நன்கறிந்திருந்தார். எனவே முதல்வரின் உரையை இரண்டாமவரைத் தேடுதற்குரிய வழியாகக் கொண்டார். லிவ்ராகாவின் உரை ஹியுன்டா என்பாரிடம் கொண்டு சென்றது. அவர் உரை, மூன்றாமவர் ஒருவர் உண்டெனக் காட்டியது. அம்மூன்றாமவராகிய டி கியானோ தம் வீட்டிலேயே ஒளிந்து வாழ்ந்தார். வீட்டார் அவர் இல்லை எனவே கூறினர். தெருவில் நின்ற சிறுமி ஒருத்தி வால்ஷிடம் வந்து, அவர் உள்ளேதான் இருக்கின்றார், இல்லையென்றே சொல்வார்கள் எனக் கூறிச் சென்றாள். இவ்வாறு ஒருவர் இருவராகி, மூவராகி, முடிவில் எழுவர் எனத் தெளிவாயிற்று. எஞ்சியோருள் மூவர் பொலிவியத் தூதரகத்திற் புகல் பெற்று நாட்டைவிட்டு நீங்கியிருந்தனர்.

இத்தேடலில் வால்ஷுக்கு உற்ற துணையாக நின்றவர் என்ரிகேட்டா முனிஸ் என்னும் இளம்பெண் செய்தியாளர். அந்நூல் அவருக்கே உரிமையாக்கப்பட்டுள்ளது. அவர் அந்நாளில் எழுதிவைத்த குறிப்புகள், அவர் மறைவுக்குப் பின்னர், 2019-இல் நூலாக வெளிவந்தன. கணவரை இழந்த மகளிரின் இல்லங்களுக்கு இருவரும் சென்று அமர்ந்து, அவர்கள் பேசும்வரை காத்திருந்து கேட்டனர். வால்ஷ் ஃப்ரான்சிஸ்கோ ஃப்ரேய்ரே என்னும் பொய்ப்பெயரில் அடையாளச் சீட்டு வைத்துக்கொண்டு, கைத்துப்பாக்கியுடன், வீடு மாறி வாழ்ந்தார். கேட்பவர்க்கும் சொல்பவர்க்கும் ஒத்த அச்சம் இருந்தமையே அவ்வுரையாடல்களின் தனித்தன்மை எனலாம். தன் உயிரைப் பணயம் வைத்துக் கேட்பவரிடம் பிறர் தம் உயிரைப் பணயம் வைத்துப் பேசினர்.

பேரிதழ்கள் எவையும் இச்செய்தியை ஏற்கவில்லை. லிவ்ராகாவின் முறையீட்டை 1956 டிசம்பரில் ‘ப்ரொபோசிட்டோஸ்’ இதழ் வெளியிட்டது. வால்ஷ் அவரொடு நிகழ்த்திய நேர்காணல் 1957 ஜனவரியில் ஒரு சிற்றிதழில் வந்தது. அவ்வாண்டு மே முதல் ஜூலை வரை ‘மயோரியா’ இதழில் முழு வரலாறும் தொடராக வெளிவந்து, ஆண்டிறுதிக்குள் நூலாயிற்று.

5. நாழிகைக் கணக்கு

இக்குற்றத்தின் சட்ட நிலை முழுவதும் ஒரு நேரக் கணக்கையே பற்றி நிற்கின்றது. சுட்டமைக்கு அரசு கூறிய நியாயம், நாட்டில் இராணுவச் சட்டம் நடைமுறையில் இருந்தது என்பதாகும். அச்சட்டம் எப்போது அறிவிக்கப்பட்டது? பிடிபட்டோர் எப்போது பிடிபட்டனர்? இவ்விரண்டனுள் எது முந்தியது?

பிடிபட்டோர் பலரும் நள்ளிரவுக்கு முன்னரே தாம் பிடிபட்டதாகக் கூறினர். ஆயின் அவர்கள் கடிகாரம் நோக்கியிருந்தவர் அல்லர். மேலும், அவ்வாறு கூறுவதால் நன்மை பெறுவோரும் அவர்களே. ஆகவே அவர்தம் சொல்லை மட்டும் கொண்டு இவ்வினாவிற்கு விடை கூறின், எதிர்த்தரப்பினர் எளிதில் மறுத்துவிடுவர். வால்ஷ் இவ்விடத்து உரையாடலை நிறுத்தி ஆவணத்தை நாடுகின்றார். அரசு வானொலியின் அறிவிப்பாளர் பதிவேட்டைப் பெற்று ஆராய்ந்தார். அவ்விரவு நள்ளிரவு வரை வழக்கமான நிகழ்ச்சிகளே ஒலிபரப்பாயின. இராணுவச் சட்ட அறிவிப்பு நள்ளிரவு கடந்து 12 மணி 32 நிமிடத்திற்கே படிக்கப்பட்டது.

மறுபக்கச் சான்று இன்னும் வியத்தற்குரியது. காவற்படைத் தலைவர் தம் செயலை நியாயப்படுத்த மாநில ஆலோசனைக் குழுவின்முன் பேசியபோது, தாமே இரவு 11 மணிக்கு அவ்வீட்டினுட் புகுந்ததாகக் கூறியிருந்தார். குற்றஞ்சாட்டப்பட்டவரின் வாயுரையும் அரசு வானொலியின் ஏடும் ஒன்றையொன்று நோக்கி நிற்க, இடையில் ஒன்றரை மணி நேரம் திறந்து கிடக்கின்றது. சட்டம் பிறப்பதற்கு முன்னர்ப் பிடிபட்டவர்மேல் அச்சட்டம் செல்லாது. எனவே, ஹோசே லெயோன் சுவாரெஸில் நிகழ்ந்தது தண்டனை நிறைவேற்றம் அன்று, கொலை என்பது வால்ஷின் முடிபு.

ஈண்டு ஓர் உண்மை புலப்படுகின்றது. பதிவேடு தனித்து நிற்பின் அஃதொரு வெற்றெண். அவ்வெண்ணுக்கு முன்னர்ப் பன்னிரு மாந்தர் பிடிபட்டிருந்தனர் என்பதை ஏடு அறியாது. பிழைத்தவர் உரை தனித்து நிற்பின் அஃதொரு முறையீடு. அம்முறையீட்டின் நேரத்தை நிறுவ அவர்களால் இயலாது. உரையின்றி ஏட்டின் பொருள் விளங்காது. ஏடின்றி உரையின் வலிமை நிலைக்காது.

6. நூலமைப்பும் அதன் எல்லையும்

நூல் மூன்று பகுதிகளாக அமைந்துள்ளது: மக்கள், நிகழ்ச்சிகள், சான்று. முதற்பகுதி அவ்வீட்டிற்கு வந்தோர் ஒவ்வொருவரையும் அவர் இல்லத்தினின்று புறப்படும் நிலையிற் காட்டுகின்றது. இரண்டாம் பகுதி அவ்விரவை உரைக்கின்றது. மூன்றாம் பகுதி வழக்குரைபோல் ஆவணங்களை அடுக்குகின்றது. முதலிரு பகுதிகளில் கதைஞரின் கையும், மூன்றாம் பகுதியில் வழக்குரைஞரின் கையும் தொழிற்படுகின்றன.

இவ்வமைப்பின்கண் ஓர் இடர்ப்பாடும் உண்டு. இறந்த ஐவரொடு உரையாடுதல் எவர்க்கும் இயலாது. அவர்தம் இறுதிப் பொழுதின் எண்ணங்களை வால்ஷ் எழுதும்போது, மனைவியரும் மக்களும் கூறியவற்றைக் கொண்டு உய்த்துணர்ந்தே எழுதுகின்றார். சில இடங்களில் ஐயத்தைக் குறிப்பிட்டுச் செல்கின்றார். சில இடங்களில் கதையோட்டம் ஐயத்தை விழுங்கிவிடுகின்றது. இதனை நூலின் குறையென்றே நாம் கொள்ளுதல் வேண்டும்.

எனினும், ஒரு பெருங்குறையினின்று நூல் தப்பியுள்ளது. கொல்லப்பட்டோர் அனைவரும் ஒன்றுமறியாதவர் என எழுதியிருப்பின் படிப்போர் இரக்கம் மிக்கிருக்கும். வால்ஷ் அவ்வாறு எழுதவில்லை. கிளர்ச்சியை அறிந்தவர் இன்னார், ஐயுற்றவர் இன்னார், அறியாதவர் இன்னார் எனத் தம்மால் இயன்றவரை பிரித்துக் காட்டினார். அறிந்தவரையும் விசாரணையின்றிக் கொல்லுதல் குற்றமே என்பது அவர் வாதம். குற்றமற்றவர் என்பதனால் மட்டும் ஒருவர்க்கு நீதி வேண்டும் எனின், அது நீதியாகாது, இரக்கமே ஆகும். நூலின் அறவலிமை இவ்விடத்தே உள்ளதெனக் கருதுகின்றோம்.

1964, 1969, 1972 ஆகிய ஆண்டுகளின் பதிப்புகளில் வால்ஷ் முன்னுரையையும் பின்னுரையையும் மாற்றிக்கொண்டே சென்றார். முதற்பதிப்பு, உண்மையை வெளியிட்டால் நீதி கிடைக்கும் என்னும் நம்பிக்கையுடன் பேசுகின்றது. ஆயின் 1957-இலேயே நாட்டின் உச்சநீதிமன்றம் வழக்கைப் படைத்துறை மன்றத்திற்கு உரியதெனத் தீர்ப்பளித்தது. வழக்கு அத்துடன் அவிந்தது. எவரும் தண்டிக்கப்படவில்லை. பிந்திய பதிப்புகளில் அந்நம்பிக்கை தேய்ந்து மறைகின்றது. ஆகவே இந்நூலை ஆராய்வோர் எப்பதிப்பைக் கையாளுகின்றனர் எனக் கூறாது முடிபுரைத்தல் பொருந்தாது.

7. ஒப்புநோக்கு

கபோட்டியின் நூல் 1959 நவம்பரில் கன்சாஸ் மாநிலத்து ஹோல்கோம் என்னும் ஊரில் ஒரு குடும்பத்தார் நால்வர் கொல்லப்பட்டதை உரைப்பது. அவரும் பல்லோரொடு உரையாடியே நூலியற்றினார். ஆயின் உரையாடும்போது குறிப்பெழுதாது நினைவாற்றலையே நம்பியதாகக் கூறிக்கொண்டார். நூலில் அவர் தம்மை முற்றிலும் மறைத்துக்கொண்டமையால், எவ்வுரை எவரிடமிருந்து பெறப்பட்டது எனப் படிப்போர் அறிய இயலாது. இடுகாட்டில் நிகழ்வதாக அமைந்த இறுதிக் காட்சி புனைவென்பதை ஆய்வாளர் பின்னர்க் காட்டினர். வால்ஷோ, தாம் தேடிய வழியையே நூலின் ஒரு கூறாக்கினார். 2014-இல் அமெரிக்காவில் வெளிவந்து புகழ்பெற்ற ‘சீரியல்’ என்னும் ஒலித்தொடரும், செய்தியாளர் தம் ஐயங்களைக் கேட்போரொடு பகிர்ந்துகொண்டே செல்லும் முறையினது. இவ்வகையில் அது கபோட்டியினும் வால்ஷுக்கே நெருங்கியது.

தமிழில் உண்மைக் குற்றத்தைப் பாடிய வகை கொலைச்சிந்து ஆகும். கொலை நிகழ்ந்த அண்மையிலேயே பாடி, மலிவு விலைச் சிறு நூல்களாக அச்சிட்டுச் சந்தையிலும் தெருவிலும் விற்றனர். மக்கள் உள்ளத்தை அறிய அவை பெரிதும் உதவும். ஆயின் சிந்து பாடுவோர் ஊரார் கூற்றையும் வழக்கு மன்றத் தீர்ப்பையும் ஏற்றுப் பாடுவரேயன்றி, அவற்றை வினவுதல் அரிது. வினவுதலுக்குரிய முன்மாதிரி நம் பேரிலக்கியத்தில் உள்ளது. பொற்கொல்லன் ஒருவன் சொல்லை மட்டும் நம்பிப் பாண்டியன் கோவலனைக் கொல்வித்தான். கண்ணகியோ தன் சொல்லோடு அமையாது, எஞ்சிய சிலம்பையும் கொண்டு சென்று அதன் உள்ளீட்டைக் காட்டினாள். சுந்தரர் வழக்கில் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என மூவகைச் சான்று பேசப்படுதலைப் பெரியபுராணம் பயின்றோர் அறிவர். வால்ஷ் இவற்றை அறிந்தவர் அல்லர். தாக்கம் உண்டெனவும் நாம் கூறவில்லை. ஒற்றைச் சொல்லால் உயிர் போக்குதலும், சொல்லும் பொருளும் சேர்ந்தவிடத்து உண்மை நிலைபெறுதலும் எந்நாட்டிற்கும் பொது என்பதே நாம் காட்ட விழைவது.

8. முடிவுரை

வால்ஷ் பின்னர் ‘ரொசெந்தோவைக் கொன்றது யார்?’, ‘சட்டனோவ்ஸ்கி வழக்கு’ என்னும் பொருள்படும் வேறிரு குற்ற ஆராய்ச்சி நூல்களையும் இயற்றினார். காலப்போக்கில் ஆயுதப் போராட்ட இயக்கத்திலும் சேர்ந்தார். 1976-இல் படையினர் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியபின், மறைவாகச் செய்தி நிறுவனம் ஒன்றை நடத்தினார். அவ்வாட்சியின் ஓராண்டு நிறைவில், 1977 மார்ச் 24 என நாளிட்டு, அதன் கொடுமைகளைக் கணக்கிட்டுத் திறந்த மடல் ஒன்றை எழுதினார். மறுநாள் அதன் படிகளை அஞ்சலிற் சேர்த்தபின் கடற்படையினர் அவரைத் தெருவிற் சுட்டு வீழ்த்திக் கொண்டுசென்றனர். அவர் உடல் இன்றளவும் கிடைத்திலது. அக்குற்றத்திற்காகக் கடற்படையினர் சிலர் 2011-இல் தண்டனை பெற்றனர். அவ்வழக்கிலும் தடுப்புக்காவலினின்று பிழைத்தோர் சொல்லே முதற்சான்றாய் நின்றது. குப்பைமேட்டிற் பிழைத்தோரிடம் கேட்டவர் வரலாற்றைப் பிழைத்த பிறரே கூற நேர்ந்தது.

தொகுத்து நோக்கின், பின்வரும் முடிபுகள் பெறப்படும். உரையாடல் உண்மைக்கு வாயில், உண்மையே அன்று. ஓருரை மற்றோருரையைத் தேடிச் செல்லவும், இரண்டும் ஆவணத்தொடு பொருந்தவும் வேண்டும். கேட்டவர் தம்மை மறைத்துக்கொள்ளாது, கேட்ட வழியையும் எழுதிவைத்தல் வேண்டும். பின்னர்க் கிடைத்த சான்றால் முன்னர் எழுதியது மாறுமாயின், மாற்றத்தை வெளிப்படக் கூறுதல் வேண்டும். ஊர்தோறும் சென்று முதியோர்பால் செய்தி தொகுக்கும் நம் ஆராய்ச்சி மாணவர்க்கும் இவை பொருந்துவன. ஒரு முதியவர் கூறும் செய்தி எந்நாளில் எவர் முன்னிலையிற் கூறப்பட்டது எனக் குறிக்காத ஏடு, நேரம் குறியாத பதிவேடு போல்வதாகும். அவ்விரவின் உண்மையை நிறுவியது ஒரு பதிவேட்டின் 32 நிமிடக் குறிப்பு. அக்குறிப்பைத் தேடச் செய்தது முகத்தில் வடுவுடைய ஓர் இளைஞர் சொல். இரண்டனுள் ஒன்று இல்லையாயினும் அவ்வைவர் சாவு குப்பைமேட்டிலேயே புதைந்திருக்கும்.